ஒரு கண்ணுக்கு மட்டும் தடவிப் பார்த்த மூலிகை ஐ கிரீம்

425 ரூபாய் கொடுத்து 15 கிராம் டியூப் வாங்கி, எட்டு வாரம் இடது கண்ணுக்குக் கீழே மட்டும் தடவினேன், வலது கண்ணுக்குக் கிரீமே போடவில்லை. ஏன் இப்படி ஒரு கிறுக்குத்தனம் என்றால், தொழில் அப்படி. கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், அப்பா ஆரம்பித்த கடை. பகலில் பாஸ்போர்ட் சைஸ், முகூர்த்த நாளில் கல்யாணம், ராத்திரியில் ஆல்பம் வேலை. வயது 43. கருவளையம் எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, என் கல்யாண போட்டோவிலேயே இருக்கிறது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் அதைப்பாக, யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருப்பது மட்டும் இந்த நாலைந்து வருஷமாகத்தான்.

ஊர்க்காரர்கள் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பை எல்லாம் தினமும் ஃபோட்டோஷாப்பில் அழிக்கிறவனுக்குத் தன் கறுப்பு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை, மச்சான் மகள் நிச்சயதார்த்தத்தில் என்னையும் ஓரமாக நிறுத்தி யாரோ எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வரும்வரை. மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு விளம்பரத்தை அனுப்பி வைத்தாள்.

அந்த விளம்பரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு படம், ஒரே பெண். முதல் படத்தில் கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி, இரண்டாவதில் பளிச்சென்று. நடுவில் 28 நாள் என்று போட்டிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது கருவிழியை. விளக்கு எங்கே இருந்தது என்பது கருவிழியில் பளபளக்கிற புள்ளியில் தெரிந்துவிடும், இது எங்கள் தொழிலில் பாலபாடம். முதல் படத்தில் அந்தப் புள்ளி கிட்டத்தட்ட இல்லை, மேல் இமைக்கு அடியில் ஒரு கீற்று, அவ்வளவுதான், அதாவது வெளிச்சம் தலைக்கு மேலிருந்து. இரண்டாவதில் வளையல் மாதிரி ஒரு வட்டம், ரிங் லைட், முகத்துக்கு நேராக. முதல் படத்தில் தாடை கீழே, இரண்டாவதில் தூக்கியிருக்கிறது. இதெல்லாம் போகட்டும், இடது புருவத்துக்கு மேலே நெற்றியில் கொக்கி மாதிரி வளைந்து ஒரு முடி விழுந்திருந்தது, இரண்டு படத்திலும் அதே முடி, அதே வளைவு, அதே இடம். 28 நாள் தலை வாராமல் உட்கார்ந்திருந்தாளா அந்தப் பெண்?

அதைச் சொல்லிச் சிரித்தேன். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "போட்டோவுல பொய் இருந்தா கிரீம்லயும் பொய்யின்னு ஆயிடுமா? நீங்களும்தான் எல்லார் மூஞ்சியையும் வெளுக்குறீங்க" என்றாள். அது சரிதான். வாங்கிவிட்டேன்.

கிரீமின் பெயரை எழுதப் போவதில்லை. இதே சாமான், இதே பச்சை அட்டை, இதே பித்தளை நிறத்து எழுத்தோடு சந்தையில் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்றைத் திட்டினால் இன்னொன்றைச் சிபாரிசு செய்த மாதிரி ஆகிவிடும். அட்டையின் முன்பக்கம் குங்குமப்பூ, வெள்ளரி, கற்றாழை, அதிமதுரம், பாதாம் எல்லாவற்றுக்கும் படம். பின்பக்கத்தைப் படிக்க ஸ்டூடியோவில் நெகட்டிவ் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடி தேவைப்பட்டது, அவ்வளவு பொடி எழுத்து.

அதில்தான் விஷயம் இருக்கிறது. சேர்மானப் பட்டியலை எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் போட வேண்டும், ஒரு சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். இதில் முதலில் தண்ணீர், அப்புறம் கிளிசரின், அப்புறம் சீட்டியரில் ஆல்கஹால், அப்புறம் பாதாம் எண்ணெய், நயாசினமைடு என்கிற விட்டமின் பி3 வகை, கற்றாழைச் சாறு. (ஆல்கஹால் என்றதும் பயப்பட வேண்டாம், இது மெழுகு மாதிரி இருக்கிற கொழுப்பு வகை, தோலை உலர்த்துகிற சாதி இல்லை.) நடுவில் பினாக்ஸிஎத்தனால் என்கிற பிரிசர்வேட்டிவ், அதை ஒரு சதவீதத்துக்கு மேல் போட அனுமதியே கிடையாது. ஆக அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே ஒரு சதவீதத்துக்குள் அடக்கம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் அதிமதுரச் சாறு, வெள்ளரிச் சாறு, காபி, வாசனைப் பொருள், எல்லாருக்கும் கடைசியில் குங்குமப்பூ. அட்டையில் மாப்பிள்ளை மாதிரி நடுவில் நிற்கிறவர் உள்ளே பந்தியில் கடைசி இலை.

'கெமிக்கல் இல்லாதது' என்று முன்பக்கம் எழுதிவிட்டுப் பின்பக்கம் பினாக்ஸிஎத்தனால் போடுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. அது கெட்ட சாமான் என்பதால் இல்லை. தண்ணீர் கலந்த எந்தக் கிரீமுக்கும் கெடாமலிருக்க ஏதாவது வேண்டும், கண்ணுக்குப் பக்கத்தில் பூஞ்சை பிடித்த கிரீமைத் தடவுவதைவிட இது எவ்வளவோ மேல். போட்டதைப் போட்டோம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. அதே மாதிரி 'ஆயுர்வேத முறைப்படி' என்று இருக்கிறது, ஆனால் லைசென்ஸ் எண்ணைப் பார்த்தால் சாதாரண காஸ்மெட்டிக் லைசென்ஸ். ஆயுர்வேத மருந்துக்கான லைசென்ஸ் தனி, காஸ்மெட்டிக் லைசென்ஸ் தனி, 1940ஆம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்துக்குள் இரண்டுக்கும் வேறு வேறு வழி. 'மூலிகை' என்ற வார்த்தையை மட்டும் யார் வேண்டுமானாலும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சரி, கிரீமுக்கு வருவோம். டியூபின் முனையில் ஒரு சின்ன ஸ்டீல் குண்டு, உருட்டினால் கிரீம் கசிகிற மாதிரி. நிறம் வெளிர் மஞ்சள், வாசனை கல்யாண மண்டப வாசலில் தெளிக்கிற பன்னீர் மாதிரி, கொஞ்சம் தூக்கல்தான். கண்ணுக்கடியில் போடுகிற சாமானுக்கு வாசனை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, இயற்கை வாசனை எண்ணெயாக இருந்தாலும் சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். நான் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லிசான தோல், அரை மில்லிமீட்டர்கூடத் தேறுமா என்பது சந்தேகம்.

பொங்கல் கழிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். கடை திறப்பதற்கு முன்னால் காலை ஏழு மணிக்கு அதே ஸ்டூல், தரையில் கால் வைக்கிற இடத்தில் கறுப்பு டேப், 85 எம்எம் லென்ஸ், எஃப் 8, நிறம் மாறாமலிருக்க கிரே கார்டு வைத்து ஒயிட் பேலன்ஸ், முகத்துக்கு நேரே கண் உயரத்தில் ஒரே ஒரு சாஃப்ட் பாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மெதுவாகப் பரப்புகிற துணி மூடிய விளக்கு. ஒரு படம் அப்படி. அடுத்து சாஃப்ட் பாக்ஸை அணைத்துவிட்டு, தலைக்கு மேலே இருக்கிற டியூப் லைட்டில் இன்னொரு படம். வாராவாரம் இப்படி இரண்டு. கடைப் பையன்தான் ஷட்டரை அழுத்துவான், முதல் வாரம் எதற்கென்று கேட்டான், இரண்டாவது வாரத்திலிருந்து கேட்கவில்லை, ஆனால் வெளியே டீக்கடையில் சொல்லிவிட்டான் என்பது அங்கே எனக்குக் கிடைத்த மரியாதையில் தெரிந்தது.

தடவுகிற முறையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நான் அடிபட்டவன். இரண்டாவது வாரம் வரைக்கும் நிறையப் போட்டால் சீக்கிரம் போகும் என்ற நம்பிக்கையில் கீழிமை ரோமம் வரைக்கும் அப்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கல்யாணம், நாலரைக்கு முகூர்த்தம். மூன்றரைக்கு எழுந்து குளித்துவிட்டுக் கிரீமைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மண்டபத்தில் ஏசி கிடையாது, ஹோமப் புகை, வியர்வை. ஐயர் "கெட்டிமேளம்" என்று கையைத் தூக்குகிறார், எனக்கு இடது கண்ணில் சுரீரென்று ஒரு எரிச்சல், தண்ணீராகக் கொட்டுகிறது, வியூஃபைண்டரில் மாப்பிள்ளை இரண்டாகத் தெரிகிறார். முப்பது வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாலிகட்டு எடுத்தது அன்றைக்குத்தான். ஆட்டோஃபோகஸ் காப்பாற்றியது, பக்கத்தில் தம்பி வீடியோவில் இருந்தான், அதனால் மானம் தப்பியது. இது கிரீமின் குற்றமில்லை, அட்டையிலேயே அளவு போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி அளவு போதும். கண்ணைச் சுற்றி விரலால் தடவினால் எலும்பு தட்டுப்படும் பாருங்கள், அந்த எலும்பின் மேல், மோதிர விரலால் ஒற்றி ஒற்றி. அங்கிருந்து அது தானாக மேலே ஏறிக்கொள்ளும், நாம் ஏற்ற வேண்டியதில்லை.

இனி பலன். முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது, இடது கண்ணுக்குக் கீழே தோல் வறட்டென்று இல்லை. ராத்திரி முழுக்க மானிட்டர் முன்னால் ஃபேன் காற்றில் உட்காருகிற எனக்கு அங்கே நெல் உமி ஒட்டிய மாதிரி பொடிப் பொடிக் கோடு விழும், அது பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. கிளிசரினும் பாதாம் எண்ணெயும் செய்கிற வேலை அது, குங்குமப்பூவுக்குப் பங்கு தர எனக்கு மனசில்லை. கல்யாணங்களில் எங்களோடு வருகிற மேக்கப் போடுகிற பெண்ணிடம் காட்டினேன். அவர் சொன்னது, மணப்பெண்ணுக்குக் கன்சீலர் போடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் இந்த மாதிரி ஏதாவது ஒன்றைத் தடவிவிட்டால் மதியத்துக்குள் வெடிப்பு விடாதாம். ஆனால் கறுப்பை மறைக்க அவர் நம்புவது கிரீமை இல்லை, ஆரஞ்சு நிறத்துக் கரெக்டரை. நீலம் கலந்த கறுப்பை ஆரஞ்சு சாப்பிட்டுவிடும், நாங்கள் கம்ப்யூட்டரில் கலர் கரெக்ஷன் செய்கிற அதே கணக்கு.

அதைப்பும் குறைந்தது. காலையில் தடவிக் கால் மணி நேரத்தில் இடது பக்கம் கொஞ்சம் தட்டையாகத் தெரியும். மூன்றாவது வாரம் பையனே சொன்னான், "அண்ணே, இந்தக் கண்ணு மட்டும் முழிச்சிருக்குற மாதிரி இருக்குண்ணே". எனக்குச் சந்தோஷம். காபியில் இருக்கிற கஃபீன் ரத்தக்குழாயைச் சுருக்கும், சில மணி நேரத்துக்கு வீக்கம் வடியும் என்று படித்திருந்ததால் அதுதான் வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கும்பகோணத்தில் பிறந்தவனுக்குக் காபியைக் குடிக்காதே, கண்ணில் தடவு என்பது கொஞ்சம் சங்கடமான உபதேசம்தான், ஆனாலும் ஏற்றுக்கொண்டேன். அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. டியூபை நான் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன், அந்த ஸ்டீல் குண்டு சில்லென்று இருக்கும், அதை அழுத்தி உருட்டுகிறேன். வேலை செய்தது கிரீமா, குண்டா?

ஐந்தாவது வாரத்திலிருந்து வலது கண்ணுக்கு ஒரு எவர்சில்வர் ஸ்பூன். ராத்திரி ஃபிரிட்ஜில் போட்டு வைத்து, காலையில் அதன் முதுகை வலது கண்ணுக்குக் கீழே இரண்டு நிமிஷம் வைத்து மூக்கிலிருந்து காதுப் பக்கமாக மெல்ல இழுத்தேன். இடது பக்கம் வழக்கம்போல கிரீம். நாலு ஞாயிற்றுக்கிழமைப் படங்களையும் வைத்துப் பார்த்தால் அதைப்பில் இரண்டு கண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஸ்பூன் வீட்டிலேயே இருந்தது, செலவு பூஜ்யம். அதைவிடவும் வித்தியாசம் காட்டியது வேறு ஒன்று. கல்யாண வீட்டில் ராத்திரிப் பந்தியில் அப்பளமும் மாங்காய் ஊறுகாயுமாக வெளுத்துக் கட்டிவிட்டு வந்து குப்புறப் படுத்தால் மறுநாள் எந்தக் கிரீமாலும் முடியாது, ஸ்பூனாலும் முடியாது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அந்தத் தண்ணீர் படுக்கிறபோது முகத்துக்கு வரும். தலையணையை இன்னொன்று கூட்டி மல்லாந்து படுத்த நாட்களில் பாதிப் பிரச்சினை எழுந்திருக்கும்போதே இல்லை.

(நாள் முழுக்க வடியாத வீக்கம், காலும் சேர்ந்து வீங்குவது, திடீரென்று வந்த வீக்கம் என்றால் கிரீம் விமர்சனம் படித்துக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீரகம், தைராய்டு என்று பார்க்க வேண்டியது இருக்கிறது, டாக்டரிடம் போங்கள்.)

கருவளையம் என்ன ஆனது? எட்டாவது வார முடிவில் சாஃப்ட் பாக்ஸ் படங்களைக் கண் பகுதி மட்டும் வெட்டி, எது இடது, எது வலது என்று தெரியாதபடி திருப்பிப் போட்டு, மூன்று பேரிடம் காட்டி எந்தக் கண்ணுக்குக் கிரீம் போட்டேன் என்று கேட்டேன். மனைவி சரியாகச் சொன்னாள், ஆனால் மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று ஒப்புக்கொண்டாள். தம்பி தப்பாகச் சொன்னான். பையன் "ரெண்டுமே ஒரே கண்ணுதானேண்ணே" என்றான்.

மனுஷக் கண் ஏமாற்றும், ஃபோட்டோஷாப் ஏமாற்றாது. ஐட்ராப்பரை (படத்தில் ஒரு இடத்தைத் தொட்டால் அதன் நிறத்தை எண்ணாகக் காட்டுகிற ஃபோட்டோஷாப் கருவி) வைத்து வெளிச்ச அளவை எடுத்தேன், 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. இடது கண்ணுக்குக் கீழே முதல் நாள் 52, எட்டாவது வாரம் 54. கிரீம் போடாத வலது கண்ணுக்குக் கீழே முதல் நாள் 52, எட்டாவது வாரம் 53. ஆக எட்டு வாரத்தில் கிரீம் சம்பாதித்துக் கொடுத்தது ஒரே ஒரு புள்ளி, அது நான் ஸ்டூலில் அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலே வருகிற வித்தியாசம். இப்போது அதே நாள், அதே முகம், தலைக்கு மேலே டியூப் லைட்டில் எடுத்த படத்தைப் பாருங்கள், 41. விளக்கை மேலிருந்து முன்னால் கொண்டுவந்ததற்கே 13 புள்ளி!

அப்பா காலத்தில் இதற்குக் கிரீமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. நெகட்டிவைச் சாய்மேஜையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வர, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே வருகிற இடத்தில் மிக லேசாகச் சுழித்துச் சுழித்துத் தேய்ப்பார். பிரிண்டில் கறுப்பாக விழப்போகிற இடம் நெகட்டிவில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், அங்கே கொஞ்சம் பென்சில் ஏறினால் அந்த அளவுக்கு வெளிச்சம் தடைபட்டு பிரிண்டில் வெளுத்து வரும். ஒரு முகத்துக்கு அரை மணி. "முழுசா எடுத்துடாதடா, ஆள் யாருன்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாமப் போயிடும்" என்பார். மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம் வயதாக ஆக விழுகிறது, மேலே கொழுப்பு கொஞ்சம் உப்பி நிற்கிறது, அந்த மேட்டின் நிழல் இந்தப் பள்ளத்தில். கறுப்பு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு தோலிலேயே கிடையாது, வெறும் நிழல். நிழலின் மேல் எதைத் தடவ?

தோல் டாக்டரிடமும் போனேன், கிரீம் முடிந்த பிறகு. கீழிமைத் தோலை விரலால் லேசாக இழுத்துப் பிடித்தார், டார்ச்சை மேலிருந்து காட்டினார், பிறகு நேராகக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் லைட்டிங்தான் பார்க்கிறார். இழுத்தாலும் அதே பழுப்பாக நின்றால் அது தோலில் இருக்கிற நிறம். இழுக்கும்போது நீலமோ ஊதாவோ தூக்கலாகத் தெரிந்தால் மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் தெரிகிறது. நேர் வெளிச்சத்தில் காணாமல் போனால் நிழல். எனக்கு நிழலும் நிறமும் கலப்பு என்றார். நிறம் பாதி பரம்பரை, என் அப்பாவுக்கும் அத்தைக்கும் உண்டு. மீதி நானே தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது, தூசி அலர்ஜியில் தும்மி, கண்ணை உள்ளங்கையால் கசக்குகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. தேய்ப்பதை நிறுத்தாமல், வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போடாமல் எந்தக் கிரீமைத் தடவினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் என்றார். அதிமதுரத்தில் இருக்கிற சத்து, நயாசினமைடு இரண்டும் நிறத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தக் கூடியவைதான், பொய்யில்லை, ஆனால் அளவு போதுமானதாக இருக்க வேண்டும், மூன்று மாதமாவது விடாமல் போட வேண்டும். என் டியூபில் எது எத்தனை சதவீதம் என்று ஓர் எழுத்து கிடையாது.

அவர் அதட்டிச் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். மூலிகை கிரீம் கேட்கவில்லை என்றதும் அடுத்து ஜனங்கள் போவது மெடிக்கல் ஷாப்பில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்குகிற வெளுப்பு கிரீமுக்கு. அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பத்து நாளில் பளிச்சென்றுதான் இருக்கும், மாசக்கணக்கில் போட்டால் கண்ணுக்குக் கீழே தோல் இன்னும் மெலிந்து, கண்ணின் அழுத்தம் ஏறுகிற வரைக்கும் போகலாம். எலுமிச்சம்பழச் சாறும் வேண்டவே வேண்டாம், பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, போன கறுப்பைவிடப் பெரிய கறுப்பு வரும்.

அப்புறம் ஒரு கிளைக்கதை. என் டியூபில் மிச்சமிருந்ததை மனைவி ஒரு மாதம் போட்டுப் பார்த்தாள், அவளுக்கும் லேசாகக் கருவளையம் உண்டு. பலனில்லை. டாக்டரிடம் போன அன்று கூட வந்தவளை அவர் பார்த்துவிட்டு, கீழிமையை உட்புறம் தெரிகிற மாதிரி இழுத்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. முகம் வெளிறினால் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பு எடுப்பாகத் தெரியும் என்றார், இதுவும் எங்கள் கான்ட்ராஸ்ட் கணக்குதான். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது, நூற்றில் ஐம்பத்தேழு பேர், அதில் எத்தனை பேர் இந்த 425 ரூபாய் டியூபை ஆர்டர் செய்துகொண்டிருக்கிறார்களோ. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் அவள் முகத்தில் வந்த மாற்றத்தை ஐட்ராப்பர் வைத்து அளக்கத் தேவைப்படவில்லை. அளக்கிறேன் என்றேன், விடவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், கண்ணுக்குக் கீழே வறட்சி, பொடிக் கோடு, மேக்கப் திட்டுத் திட்டாக நிற்கிறது என்றால் வாங்கலாம், அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் கிராம் 28 ரூபாய் கொடுத்து இதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, வாசனை போடாத சாதா மாய்ச்சரைசரும் அதைச் செய்யும். காலை அதைப்புக்கு ஸ்பூன். கருவளையத்துக்காக வாங்குவதாக இருந்தால் முதலில் கண்ணாடி முன்னால் போய் நின்று, செல்போன் டார்ச்சைக் கன்னத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பாதிப்பேருக்கு அங்கேயே பணம் மிச்சமாகலாம். தங்கச்சி குங்குமாதித் தைலம்தான் அசல், இதெல்லாம் போலி என்று சண்டைக்கு வருகிறாள், நல்லெண்ணெயும் ஆட்டுப்பாலும் சேர்த்துக் காய்ச்சுகிற அந்தப் பழைய தைலம் எனக்கு ஒத்துக்கொள்ளுமா தெரியாது, முகத்தில் எண்ணெய் வழிகிற ஆள் நான், முகப்பரு வந்தால் அதையும் ஃபோட்டோஷாப்பில் நான்தான் அழிக்க வேண்டும்.

இரண்டாவது டியூப் வாங்கவில்லை. பழைய டியூபை வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டியிருந்ததை மனைவி குதிகாலுக்குப் போட்டுக்கொண்டாள், வெடிப்புக்கு நன்றாகக் கேட்கிறதாம். அந்த ஸ்டீல் குண்டு வைத்த மூடியை மட்டும் கழுவித் துடைத்து ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் வைத்திருக்கிறேன். ஸ்பூனை அடிக்கடி யாராவது தயிருக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள்.